லிட்டரா, கிலோவா, பவுண்டா?



விடைக்குப் பக்கத்தில் யூனிட் போடாவிட்டால் அரை மார்க் போச்சு. "கணக்கு சரிதானே சார், இதுக்குப் போயி குறைக்கிறீங்களே" என்று நாம் எல்லோருமே முனகியிருக்கிறோம். 69 பேருடைய உயிர் அந்த அரை மார்க்கில் தொங்கிய சம்பவம் ஒன்றைப் படித்தேன். அதில் வரும் கணக்கு நமக்கு முதலாண்டிலேயே வந்துவிட்டது என்பதால்தான் எழுதுகிறேன்.

1983 ஜூலை 23. கனடாவின் மான்ட்ரியாலில் இருந்து ஒட்டாவா வழியாக எட்மன்டன் செல்ல வேண்டிய ஏர் கனடா 143. விமானம் புத்தம் புது போயிங் 767. அதில் எரிபொருள் அளவு காட்டும் கருவி வேலை செய்யவில்லை. காரணம் என்ன தெரியுமா? சரியாகப் பிடிக்காத ஒரு சால்டரிங்! கருவியில் இரண்டு சானல்கள்; ஒன்று போனால் மற்றது தானாக வேலையை எடுத்துக்கொள்ள வேண்டும். பழுதான சானல் முழுதாகச் செத்துப்போகாமல் அரைகுறையாகக் கிடந்ததால் அந்த மாற்றம் நடக்கவே இல்லை. மீட்டர் வெறுமையாக இருந்தால் பறக்கக் கூடாது என்பது விதி. ஆனாலும் குச்சி முறையில் டாங்கை அளந்து, கணக்குப் போட்டுக் கிளம்பினார்கள்.

அந்தக் கணக்கைத்தான் நாம் பார்க்க வேண்டும். பயணத்துக்குத் தேவை 22,300 கிலோ. டாங்கில் இருந்தது 7,682 லிட்டர். லிட்டரை எடையாக்க அடர்த்தியால் பெருக்க வேண்டும். (சமையல் எண்ணெய் பாக்கெட்டில் 1 லிட்டர், 910 கிராம் என்று சேர்த்துப் போட்டிருப்பார்களே, அதே சமாச்சாரம்தான்.) அவர்கள் பெருக்கிய எண் 1.77. வந்த விடை 13,597. பாக்கி 8,703, அதை 1.77ஆல் வகுத்து 4,916 லிட்டர் ஊற்றினார்கள்.

பெருக்கல், கழித்தல், வகுத்தல் எதிலும் பிழையில்லை. ஆனால் 1.77 என்பது ஒரு லிட்டருக்கு எத்தனை பவுண்டு என்ற எண். கிலோவுக்கு 0.803 வேண்டும். கனடா அப்போதுதான் மெட்ரிக் முறைக்கு மாறிக்கொண்டிருந்தது. அந்த நிறுவனத்தில் கிலோவில் கணக்கிடும் முதல் விமான ரகமே இந்த 767தான். நீங்களே போட்டுப் பாருங்கள்: ஊற்றியிருக்க வேண்டியது சுமார் 20,088 லிட்டர். ஒட்டாவாவில் மறுபடியும் அளந்தார்கள், மறுபடியும் அதே 1.77!

பழைய விமானங்களில் எரிபொருள் கணக்கைப் பார்க்க மூன்றாவதாக ஒரு பொறியாளர் இருப்பார். 767இல் விமானிகள் இருவர் மட்டுமே. அப்படியானால் அந்த வேலை யாருடையது? அதை யாரும் தெளிவாகச் சொல்லி வைக்கவில்லை. என்னைக் கேட்டால் 1.77ஐ விடப் பெரிய கோளாறு இதுதான். நம் ஒர்க்ஷாப்பிலும் நாலு பேர் குரூப்பில் "நீ பார்த்திருப்பேன்னு நெனச்சேன்டா" என்று சொல்கிறோமே, அந்த ரகம்.

41,000 அடி உயரத்தில் முதலில் பம்ப் அழுத்தம் குறைகிறது என்று எச்சரிக்கை வந்தது. பம்ப்தான் கெட்டுவிட்டது என்று நினைத்தார்கள். சிறிது நேரத்தில் இரண்டு என்ஜின்களும் நின்றன. என்ஜின் நின்றால் ஜெனரேட்டரும் நிற்கும். எதிரில் இருந்த எலக்ட்ரானிக் திரைகள் அணைந்தன. விமானத்தின் அடியிலிருந்து ஒரு சிறிய காற்றாடி தானாக வெளியே வந்து, எதிர்க்காற்றில் சுழன்று ஹைட்ராலிக் சக்தி கொடுத்தது. அதுதான் மிச்சம்.

கேப்டன் ராபர்ட் பியர்சன் கிளைடர் ஓட்டிப் பழகியவர். துணை விமானி மாரிஸ் குவின்டல் முன்பு பணியாற்றிய கிம்லி என்ற பழைய விமானப்படைத் தளம் அருகில் இருந்தது. ஆனால் அந்த ஓடுபாதை கார் பந்தயத் தளமாக மாறியிருந்ததும், அன்று அங்கே குடும்பம் குடும்பமாக ஜனங்கள் கூடியிருந்ததும் அவருக்குத் தெரியாது.

உயரம் அதிகமாக இருந்தது. என்ஜின் இல்லாததால் இன்னொரு சுற்று வர வழியில்லை. பியர்சன் கிளைடரில் செய்வதுபோல் விமானத்தைப் பக்கவாட்டில் சாய்த்துச் சறுக்கவிட்டு உயரத்தைக் குறைத்தார். பாதையில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த இரண்டு பையன்கள் சத்தமில்லாமல் வரும் ராட்சதனைப் பார்த்துத் தலைதெறிக்க மிதித்தார்கள்! முன் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் மடங்கி, மூக்கு தரையில் உரசியது. அந்த உராய்வே வேகத்தையும் குறைத்தது. பின்வாசல் வழியாக இறங்கும்போது சிலருக்குச் சிறு காயம். உயிர்ச்சேதம் இல்லை.

விமானத்தைப் பழுது பார்த்து மறுபடி பறக்கவிட்டார்கள். 2008 வரை அது சேவையில் இருந்தது.