பேச்சுக் குறைந்த ஊரில் இருக்கும் மகளுக்கு

டி. கல்லுப்பட்டி,
கார்த்திகை மாதம்.

அன்பு மகள் கயலுக்குப் பெரியம்மா எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். கண்மாயில் தண்ணீர் பரவாயில்லை, மக்காச்சோளம் கதிர் பிடித்துவிட்டது. உன் அம்மாதான் ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை. நீ போனில் அழுததை என்னிடம் வந்து சொன்னாள். பின்லாந்தின் தம்பெரே நகரத்துக்குப் போய் இத்தனை நாளாகியும் எதிர்வீட்டுக்காரர் பெயர்கூடத் தெரியவில்லை, பஸ்ஸில் உன் பக்கத்து இருக்கை காலியாகவே போகிறது, வகுப்பு முடிந்ததும் ஆளுக்கொரு திசையில் போய்விடுகிறார்கள், நம் நிறத்தைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ என்று கேட்டாயாம். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்துவிடலாமா என்றும் கேட்டாயாம். இதைப் போனில் பேசினால் இரண்டு பக்கமும் அழுகைதான் மிஞ்சும். அதனால் எழுதுகிறேன். நிதானமாக உட்கார்ந்து படி.

முதலில் நிறத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஆளைப் பார்த்து இழிவாக நடத்துகிறவர்கள் எந்த நாட்டிலும் உண்டு, அங்கேயும் இருப்பார்கள். ஒருவர் வாய்விட்டு அவமானமாகப் பேசினாலோ, உன் நிறத்தைக் காரணம் காட்டி வீடோ வேலையோ தர மறுத்தாலோ பொறுத்துப் போகாதே. நாள், நேரம் குறித்துப் பல்கலைக்கழகத்தில் எழுதிக் கொடு. ஆனால் பஸ்ஸில் காலியாகக் கிடக்கும் இருக்கையை அந்தக் கணக்கில் சேர்க்காதே. அங்கே ஒரு பின்லாந்துக்காரர் பக்கத்திலும் இன்னொரு பின்லாந்துக்காரர் லேசில் போய் உட்கார மாட்டார். பஸ் நிறுத்தத்தில் மழையிலும் பனியிலும் ஆளுக்கு ஆள் இடைவெளி விட்டு நிற்பதை நீயே பார்த்திருப்பாய். நம் ஊர் டீக்கடையில் புது ஆள் வந்து உட்கார்ந்தால், எந்த ஊர், யார் பிள்ளை என்று கேட்பதுதான் மரியாதை. கேட்காமல் விட்டால் அவரை மதிக்கவில்லை என்று பொருள். அவர்களுக்கு ஒருவரை அவர் பாட்டுக்கு இருக்க விடுவதுதான் மரியாதை. மூன்று மாதமாக அவர்கள் உனக்கு அந்த மரியாதையைச் செய்துகொண்டிருக்கிறார்கள், நீ அதை வெறுப்பு என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறாய்.

நான் அந்த நாட்டை நேரில் பார்த்ததில்லை. உனக்கு இடம் கிடைத்த நாளிலிருந்து கையில் அகப்பட்டதையெல்லாம் படித்து வருகிறேன். அவர்களை வசதியான நாட்டுக்காரர்கள் என்று மட்டும் பார்த்து நீ ஒதுங்கிவிடக் கூடாது, அதற்காகவே படித்ததில் சிலவற்றைச் சொல்கிறேன். நம் பக்கத்துக் கரிசல் காட்டில் தாது வருசப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார் சொல்லக் கேட்டிருக்கிறாய். அதற்குப் பத்து வருசம் முன்னால், 1866 முதல் 1868 வரை, பின்லாந்திலும் ஒரு பஞ்சம் வந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் பசியிலும் நோயிலும் செத்தார்கள். பைன் மரத்தின் உள்பட்டையை இடித்து மாவில் கலந்து ரொட்டி சுட்டுத் தின்ற ஜனங்கள் அவர்கள். பல நூற்றாண்டு சுவீடனுக்குக் கீழே இருந்தார்கள், 1809 முதல் ரஷ்யப் பேரரசருக்குக் கீழே. 1917 டிசம்பர் 6இல் விடுதலை பெற்று, அடுத்த மாதமே தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டார்கள். நீ இருக்கிற தம்பெரேதான் தொழிலாளர் பக்கத்துக்குக் கோட்டை. 1918 வசந்தத்தில் அந்தத் தெருக்களில் ரத்தம் ஓடியது. ஜெயித்த வீடும் தோற்ற வீடும் ஒரே தெருவில் இருந்துகொண்டு, அதைப் பற்றிப் பல பத்தாண்டு வாய் திறக்கவில்லை.

உன் ஊர் ஆலையைப் பற்றியும் தெரிந்துகொள். இரண்டு ஏரிகளுக்கு நடுவே பாயும் ஆற்றின் வேகத்தை நம்பி, ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் பின்லேசன் 1820இல் அங்கே ஆலை தொடங்கினார். அது பெரிய பஞ்சாலையாக வளர்ந்தது. மதுரையில் ஆலை வைத்த ஹார்வி சகோதரர்களும் ஸ்காட்லாந்துக்காரர்கள்தான். உன் தாத்தா அந்த ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவர். ஆகவே உன் ஊர் ஆலையின் செங்கல் கட்டடங்களை நீ அன்னியமாகப் பார்க்க வேண்டியதில்லை. பின்லேசன் ஆலையில் கூலி வேலை பார்த்த வைனோ லின்னா என்பவர் பின்னால் நடந்த வேறொரு போரைப் பற்றி 1954இல் எழுதிய நாவலை அந்த நாடே படித்தது. பிறகு அவர் எழுதிய பெரிய நாவல்தான் 1918ஐப் பற்றி ஜனங்களைப் பேச வைத்தது என்கிறார்கள். அவர்களுக்குச் சொல்ல நிறைய இருக்கிறது, கயல். எடுத்த எடுப்பில் சொல்ல மாட்டார்கள், அவ்வளவுதான்.

எங்கே சொல்வார்கள் என்று நீ தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இடம் சவுனா என்ற வெக்கைக் குளியலறை. ஐம்பத்தைந்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இருக்கும் நாட்டில் சுமார் முப்பது லட்சம் சவுனாக்கள் இருக்கின்றன. உன் அடுக்ககத்திலேயே ஒன்று இருக்கும், முறை போட்டுக் கொடுப்பார்கள். உன் ஊரில் 1906 முதல் நடக்கிற ராயபோர்ட்டி என்ற பொதுச் சவுனாதான் அந்த நாட்டில் இன்றும் இயங்குகிறவற்றில் மூத்தது. உடையில்லாமல் உட்கார வேண்டும் என்பதால் நீ அந்தப் பக்கமே போகவில்லை என்று உன் அம்மா சொன்னாள். கூச்சம் இயல்புதான், யாரும் உன்னைக் கட்டாயப்படுத்த மாட்டார்கள். ஆனால் அதை ஆபாசமாக நினைக்காதே. அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றது சவுனாவில், இறந்தவரைக் குளிப்பாட்டியதும் சவுனாவில். கோயில் மாதிரி நடந்துகொள் என்று பிள்ளைகளுக்குச் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். ஆணும் பெண்ணும் தனித்தனி நேரத்திலோ தனித்தனி அறையிலோ போவார்கள், கலந்து போகிற இடத்தில் நீச்சல் உடை போடுவார்கள். நீ வகுப்புத் தோழி ஒருத்தியுடன் பெண்கள் நேரத்தில் போ. முதலில் உடம்பைக் கழுவிக்கொள், பலகையில் துண்டு விரித்து உட்கார், சூடான கல்லில் தண்ணீர் ஊற்றும் முன் மற்றவர்களைக் கேள். தலை சுற்றினால் உடனே வெளியே வந்துவிடு. அந்த வெக்கையில் முதலாளியும் துப்புரவுப் பணியாளரும் ஒரே பலகையில் உட்கார்ந்து பேசுவார்கள். சித்திரை வெயிலில் பிறந்து வளர்ந்தவளுக்கு அந்தச் சூடு ஒன்றும் புதிதல்ல.

இரண்டாவது இடம் கூட்டு வேலை. வசந்தத்திலும் இலையுதிர் காலத்திலும் உன் குடியிருப்பில் ஒரு நாள் குறித்து அறிவிப்பு ஒட்டுவார்கள். எல்லா வீட்டிலிருந்தும் ஆட்கள் இறங்கி வந்து முற்றத்தில் இலை வாருவார்கள், வேலி சரிசெய்வார்கள், முடிந்ததும் காப்பியும் நெருப்பில் சுட்ட தொத்திறைச்சியும் கிடைக்கும். நம் ஊரில் குடிமராமத்து என்று சொல்லி வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு கண்மாய்க்குப் போனோமே, அதேதான். அந்த நாளை ஒருபோதும் தவறவிடாதே. அறிமுகம் செய்துகொள்ள அவர்களுக்கு ஒரு வேலை கையில் வேண்டும். துடைப்பத்தோடு பக்கத்தில் நிற்கிற உன்னிடம் எதிர்வீட்டுக்காரர் தானாகப் பெயர் சொல்வார். நம் ஊர் காந்தி நிகேதன் ஆசிரமத்தில் ஜே.சி. குமரப்பா கடைசிக் காலத்தில் வந்து தங்கியிருந்தார். கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படித்த பொருளாதார மேதை அவர். கையால் உழைக்காத படிப்பை மதிக்காத ஆசிரமம் இது. இந்த ஊர்ப் பிள்ளைக்குத் துடைப்பம் பிடிக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

யாராவது காப்பி குடிக்கக் கூப்பிட்டால் எந்த வேலையையும் தள்ளி வைத்துவிட்டுப் போ. உலகத்திலேயே அதிகமாகக் காப்பி குடிக்கிறவர்களில் அவர்களும் உண்டு. வாய்ப்பேச்சுக்குக் கூப்பிடுகிற வழக்கம் அவர்களிடம் இல்லை. கூப்பிட்டால் மனதார என்று எடுத்துக்கொள். ஐந்து மணி என்றால் ஐந்து மணிக்கு வாசலில் நில். பேராசிரியரைப் பெயர் சொல்லிக் கூப்பிட உனக்கு நாக்கு எழவில்லை என்றாயாம். தமிழாசிரியையாக வேலை பார்த்த எனக்கும் அது கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே அதுதான் முறை, பழகிக்கொள்.

இதையெல்லாம் விட முக்கியமானதை இப்போது சொல்கிறேன். நீ அவர்கள் மொழியைப் படிக்கவில்லை. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கிறது, கடையில் ஆங்கிலம் பேசுகிறார்கள், வேறெதற்கு என்று கேட்கிறாய். உன் தனிமைக்கு நான் காண்கிற பெரிய காரணம் அதுதான். ஆங்கிலத்தில் அவர்கள் உனக்கு உதவி செய்வார்கள். வீட்டுக் கதை பேசுவது அவர்கள் மொழியில்தான்.

அது கடினமான மொழி என்று பயமுறுத்துவார்கள். பதினைந்து வேற்றுமை என்பார்கள். நமக்கு எட்டு இருக்கிறது, பயப்படாதே. பெயரோடு உருபை ஒட்டிக்கொண்டே போகிற மொழி அது, நம்முடையதைப் போல. குறில் நெடில் மாறினால் பொருள் மாறும், ஒற்று இரட்டித்தால் பொருள் மாறும். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவர்கள் அங்கேதான் தடுக்கி விழுகிறார்கள். நீ ஒன்றாம் வகுப்பிலேயே அதைக் கடந்து வந்தவள்.

அந்தப் பாதையில் உனக்கு முன்னால் ஒரு தமிழர் போயிருக்கிறார். இலங்கையில் உதயணன் என்ற பெயரில் கதைகளும் நாவல்களும் எழுதியவர், ஆர். சிவலிங்கம். 1980களில் பின்லாந்தில் குடியேறினார். கலேவலா என்பது அவர்களுடைய தேசிய காவியம். எலியாஸ் லொன்ரொத் என்ற மருத்துவர் கிராமம் கிராமமாக நடந்து, பாட்டுக்காரர்கள் வாயிலிருந்து கேட்டு எழுதித் தொகுத்தது. முதல் பதிப்பு 1835, முழுப் பதிப்பு 1849. 50 பாடல்கள், 22,795 அடிகள். சிவலிங்கம் அத்தனையையும் தமிழ்க் கவிதையாக்கி 1994இல் கொண்டுவந்தார், பிறகு உரைநடையிலும் எழுதினார். பத்து நாளில் முடிகிற வேலையா அது? நம்மவர் இல்லாத, பேச்சில்லாத, குளிரும் இருட்டுமான ஓர் ஊரில் உட்கார்ந்து ஒவ்வொரு அடியாக அவர் அதைச் செய்திருக்கிறார். மதுரைத் திட்டம் என்ற இணைய நூலகம் அதை மின்னூலாக இலவசமாக வைத்திருக்கிறது. அந்தக் காவியத்தின் நாயகன் வைனாமொயினன் பாட்டுப் பாடியே எதிராளியைச் சதுப்பில் அமிழ்த்துகிற இடத்திலிருந்து தொடங்கு. ஒரு செய்தியை முதல் அடியில் சொல்லி, அடுத்த அடியில் வேறு சொல்லால் திருப்பிச் சொல்கிற முறையும், மோனையும் நம் கிராமத்து ஒப்பாரியில் கேட்டதுதான்.

எதிர்த்திசையில் வந்தவரும் உண்டு. ஹெல்சிங்கிப் பல்கலைக்கழகத்தின் அஸ்கோ பர்போலா சிந்துவெளி எழுத்துக்குத் திராவிட மொழியில் விடை தேடி வாழ்நாளைச் செலவிட்டவர். 2010இல் கோவையில் நடந்த செம்மொழி மாநாட்டில் கலைஞர் பெயரிலான செம்மொழித் தமிழ் விருதை அவருக்குத்தான் கொடுத்தார்கள். நம் மொழிக்காக அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கும்போது, அவர் மொழியில் நீ நான்கு வாக்கியம் பேசக் கூடாதா?

தம்பெரேயில் 1899இல் தொடங்கிய தொழிலாளர் கல்வி நிலையம் இருக்கிறது, அந்த நாட்டிலேயே அதுதான் முதலாவது. மாலை வகுப்புகள் நடத்துகிறார்கள். தைக்கு முன்னால் போய் மொழி வகுப்பில் சேர். கூடவே சேர்ந்து பாடுகிற வகுப்போ தறி நெய்கிற வகுப்போ ஒன்றில் சேர். பணம் நான் அனுப்புகிறேன், அம்மாவிடம் கேட்காதே. கடையில் அவர்கள் ஆங்கிலத்துக்கு மாறினால் உங்கள் மொழியிலேயே பேசுங்கள் என்று கேட்டுக்கொள். தமிழ்ப் பிள்ளைகளோடு வார இறுதியில் சமைத்துச் சாப்பிடு, அது வேண்டும். எல்லா மாலையையும் அதிலேயே கழித்துவிடாதே.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். டிசம்பர் பிற்பாதியில் உங்கள் ஊரில் பகல் ஐந்தரை மணி நேரம்கூட இருக்காது. நீ அழுததில் பாதி அந்த இருட்டின் வேலையாக இருக்கலாம். மதியம் வெளிச்சம் இருக்கும்போது வெளியே நட. நம் தோலுக்கு அந்த வெயில் போதாது, வைட்டமின் டி எவ்வளவு எடுக்க வேண்டும் என்று மாணவர் மருத்துவமனையில் கேள். மனம் அடைத்துக்கொண்டே இருந்தால் அதையும் அவர்களிடம் மறைக்காமல் சொல். ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டையைக் கோட்டில் மாட்டாமல் ராத்திரி ரோட்டில் நடக்காதே. உள்ளூர்க்காரர் கால் வைக்காத ஏரிப் பனியில் நீயும் கால் வைக்காதே. டிசம்பர் 6 மாலை வீட்டு ஜன்னல்களில் இரண்டு மெழுகுவர்த்தி ஏற்றுவார்கள், விடுதலை நாளுக்காக. நீயும் ஏற்று.

வந்துவிடலாமா என்று கேட்டதற்கு என் பதில், ஜூன் வரை இரு என்பதுதான். ராத்திரி இருட்டாத அந்த மாதத்தையும் பார்த்துவிடு. ஆகஸ்ட் வரை இருந்தால் காட்டுக்குள் போய் யார் நிலம் என்று கேட்காமலே பழம் பறிக்கலாம், அங்கே அது எல்லோருக்கும் உள்ள உரிமை. மொழி படித்து, ஆட்களோடு பழகிப் பார்த்த பிறகும் திரும்ப வேண்டும் என்று தோன்றினால் வா. ஏன் வந்தாய் என்று இந்த வீட்டில் ஒருவரும் கேட்க மாட்டோம், கேட்கவும் விட மாட்டேன்.

பருப்புப்பொடியும் எள்ளுப்பொடியும் இடித்து வைத்திருக்கிறேன், அடுத்த வாரம் பார்சல் வரும். நாளைக்கு நீ போன் பண்ணுவாய் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டேன். எங்களுக்கு ராத்திரி எட்டு மணிக்குள் கூப்பிடு, அப்போது உனக்குச் சாயங்காலம் நாலரை.

அன்புடன்,
பெரியம்மா