செயினைக் கழற்றும் முன்



ஜெனரல் மோட்டார்ஸின் 6.5 லிட்டர் டீசல் எஞ்சினில் டைமிங் செயினை எடுத்துவிட்டுக் கியர் செட் மாட்டும் வேலை உன் கைக்கு வந்திருக்கிறது. நல்ல வேலை. ஆனால் முன் கவரைத் திறப்பதற்கு முன்னால், அந்தச் செயின் அங்கே என்னென்ன செய்துகொண்டிருந்தது என்று தெரிந்துகொள்.

இந்த எஞ்சினின் மூத்த உடன்பிறப்பான 6.2 லிட்டர், 1982-இல் அமெரிக்க பிக்கப் டிரக்குகளில் வந்தது. 1992-இல் டர்போவோடு 6.5 வந்தது. அமெரிக்க ராணுவத்தின் ஹம்வீ வண்டியும் இவற்றில்தான் ஓடியது. இரண்டிலும் கிராங்க்கிலிருந்து கேமுக்குப் போவது செயின். கேமின் முனையில் இருக்கும் கியர்தான் இன்ஜெக்‌ஷன் பம்பைச் சுற்றுகிறது. ஆகவே செயின் தளர்ந்தால் வால்வு பிந்தித் திறக்கும், டீசலும் பிந்திப் பாயும். காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், வெள்ளைப் புகை தள்ளும், மேட்டில் இழுவை போதாது. பல மெக்கானிக்குகள் பம்பைக் கொஞ்சம் திருப்பி வைத்துச் சமாளிக்கிறார்கள். பம்பின் நேரம் சரியாகிவிடும். வால்வுகளின் நேரம் பிந்தியபடியேதான் இருக்கும்.

செயின் நீண்டுவிட்டது என்று பட்டறையில் சொல்வோம். உண்மையில் அதன் தகடுகள் நீள்வதில்லை. கண்ணிகளைக் கோர்க்கும் பின்னும் புஷ்ஷும் தேய்கின்றன. ஒரு கண்ணிக்கு மயிரிழை தேய்ந்தாலும் மொத்தத்தில் தொங்கல் விழுந்துவிடும். அதை இழுத்துப் பிடிக்க இந்த எஞ்சினில் டென்ஷனர் கிடையாது.

கியர் இந்தக் கோளாறைத் தீர்க்கிறது. ஆனால் இரண்டு கியரை நேரடியாகக் கோர்த்தால் கேம் எதிர்த்திசையில் சுற்றும். ஃபோர்டின் 300 கன அங்குல ஆறு சிலிண்டர் எஞ்சினில் (1965 முதல் 1996 வரை வந்தது) அப்படித்தான். அதன் கேமே அதற்கென்று வடிக்கப்பட்டது. செயினுக்கென்று வடித்த எஞ்சினில் நடுவே ஐட்லர் கியர் வைத்தால்தான் திசை மாறாது. பீட் ஜாக்சன் நிறுவனத்தின் கியர் செட்டுகளில் இரண்டு ஐட்லர்கள் மிதந்தபடி இருந்து தாமாகவே இடம் பிடித்துக்கொள்ளும். ஐட்லர் நிலையாகப் பொருத்தப்பட்ட செட் என்றால் கிராங்க்குக்கும் கேமுக்கும் இடையிலுள்ள தூரம் மிக முக்கியம். பிளாக்கை யாராவது லைன் போரிங் செய்திருந்தால் அந்தத் தூரம் குறைந்திருக்கும், பற்கள் இறுகும். டயல் கேஜ் வைத்து, கியரின் முழுச் சுற்றிலும் பல இடங்களில் பல்லிடைவெளியைப் பார். ஓரிடத்தில் பார்த்துவிட்டு மூடிவிடாதே.

இனிச் சொல்வதைத்தான் நீ அதிகம் கவனிக்க வேண்டும். செயின் கொஞ்சம் நெகிழ்ந்து கொடுக்கும். கியருக்கு அந்தக் குணம் கிடையாது. கிராங்க்கின் முறுக்கதிர்வை அப்படியே கேமுக்குக் கடத்தும். 6.5-இல் கிராங்க் உடைவது புதிதல்ல. கிராங்க்கின் முன்முனையில் அதிர்வை அடக்கும் டேம்பரின் ரப்பர் வயதாகி வெடித்திருந்தால் ஆபத்து இன்னும் கூடும். ரப்பர் பிதுங்கியிருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். நடுப்பகுதியிலிருந்து வெளிவளையம் வரை பெயிண்டால் நேர்கோடு ஒன்று போட்டுவிட்டு வண்டியைச் சில நாள் ஓட்டு. கோடு விலகியிருந்தால் வளையம் நழுவுகிறது என்று பொருள். பழைய டேம்பரோடு புதிய கியரை மாட்டுவது தவறு.

கியர் என்றால் கோளாறே வராது என்றும் நினைத்துவிடாதே. 1989-இல் டாட்ஜ் ராமில் வந்த 5.9 லிட்டர் கம்மின்ஸ், தொழிற்சாலையிலிருந்தே கியர் டைமிங்தான். உழைப்புக்குப் பேர்போன எஞ்சின். ஆனாலும் அதன் 12 வால்வு மாடலில் கியர் கேஸில் இருக்கும் சிறிய டோவல் பின் ஒன்று அதிர்வில் தளர்ந்து, கியர்களுக்குள் விழுந்து கேஸையே உடைத்த கதை உண்டு. ஒரு சிறு தகட்டைப் போல்ட் போட்டு அதன் மேல் மறித்துவிட்டால் போதும்.

கியருக்குச் சத்தமும் உண்டு. சிலர் அந்தக் கீச்சொலிக்காகவே கியர் மாட்டுகிறார்கள். நாக் சென்சார் உள்ள ஷெவ்ரலே பெட்ரோல் டிரக்குகளில் கணினி அதை நாக்கிங் என்று எண்ணி இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிவிடும். கூடுதல் சக்தியை எதிர்பார்த்துச் செய்த வேலையில் இருந்ததும் போகும்.

கோர்க்கும்போது குறிகளை அந்தச் செட்டோடு வந்த தாளைப் பார்த்தே வை. செயினின் பழக்கத்தில் வைக்காதே. பம்ப் கியரின் குறியையும் மறக்காதே. குளோ பிளக்குகளைக் கழற்றிவிட்டு எஞ்சினைக் கையால் இரண்டு முழுச் சுற்று சுற்று. எங்கேயாவது தட்டினால் நிறுத்து, பலம் கொடுக்காதே. எலக்ட்ரானிக் பம்ப் உள்ள மாடல் என்றால் ஸ்கேன் டூல் மாட்டி டிடிசி (பிஸ்டனின் மேல் உச்ச நிலை) ஆஃப்செட்டை மறுபடி பதியவைத்து, டைமிங்கையும் சரிபார்த்த பிறகே சாவியைக் கொடு.

தினசரி ஓடும் ஷெவ்ரலே 350 பெட்ரோல் எஞ்சினுக்கு நல்ல டபுள் ரோலர் செயினே போதும். கனமான டிரெய்லர் இழுக்கும் 6.5-க்குக் கியர் தகும். வண்டிக்காரரிடம் சத்தத்தைப் பற்றி முதலிலேயே சொல்லிவிடு, புது டேம்பருக்கும் சேர்த்தே விலை பேசு. அதற்கு அவர் ஒப்பவில்லை என்றால் புதுச் செயினையே போட்டுக் கொடுத்து அனுப்பு.