போர்க்கப்பல் தேக்கில் ஒரு பேனா

அமெரிக்காவின் கேம்டன் நகரில் அருங்காட்சியகமாக நிற்கிறது 'நியூ ஜெர்சி' போர்க்கப்பல். 1943-இல் கடற்படையில் சேர்ந்து இரண்டாம் உலகப்போர், கொரியா, வியட்நாம் என மூன்று போர்களைக் கண்டது. உடலெல்லாம் எஃகு, மேல்தளத்தில் மட்டும் தேக்குப் பலகை. பழுதுபார்க்கையில் கழற்றிய பலகைத் துண்டுகள் நினைவுப் பொருளாக விற்கப்படுகின்றன. மரக்கடைசல் பழகியவருக்கு அதில் ஒரு துண்டு போதும், அருமையான பேனா செய்யலாம்.

முதலில் சான்றுச் சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். எந்தக் கப்பலின் தேக்கு என்று மரத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. அடுத்து, காந்தத்தை மேலே ஓட்டி ஆணித் துணுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலர்வாகத் தேய்க்கவே கூடாது.

இனி, எங்கே அறுப்பது? இதில்தான் நிதானம் வேண்டும். வெயிலும் உப்புக்காற்றும் பட்டு வெளுத்த சாம்பல் நிறம் மேல்தோலோடு சரி. கடைந்தால் உள்ளே பொன்பழுப்புத்தான் மிஞ்சும். அது புதுத் தேக்கிலும் கிடைக்கும். ஆனால் போல்ட் துளையைச் சுற்றி இரும்புக்கறை ஊறிய கருப்பு ஆழமாக இறங்கியிருக்கும். அந்தக் கறை பேனாவின் உடலில் வரும்படி அறுங்கள். பலரும் சுத்தமான பகுதியைத் தேடுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. கப்பல் கண்ணுக்குத் தெரிவது அந்தக் கறையில்தான்.

7 மி.மீ. பித்தளைக் குழாய் கொண்ட மெல்லிய பேனா உதிரித் தொகுதி தொடக்கத்துக்கு ஏற்றது. 19 மி.மீ. சதுரத்தில், 120 மி.மீ. நீளத்தில் கட்டை எடுத்து, ஒரு பக்கம் முழுக்கக் கோடு போட்டபின் இரண்டாக வெட்டுங்கள். கடைசியில் ரேகை தொடர்ந்து ஓட அந்தக் கோடுதான் துணை. துளையிடும்போது அடிக்கடி டிரில்லை வெளியே இழுத்துத் தூளை நீக்குங்கள். சூடேறினால் மரம் வெடிக்கும்.

தேக்கில் எண்ணெய்ப்பசை உண்டு, பசை எளிதில் பிடிக்காது. துளையை அசிட்டோனால் துடைத்து, குழாயை உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, எப்பாக்ஸி தடவிச் செருகி, ஓர் இரவு விடுங்கள். மறுநாள் பித்தளை விளிம்பு பளிச்சிடும்வரை முனைகளைச் சமன் செய்யுங்கள். அதற்குமேல் ஒரு இழையும் சீவாதீர்கள்.

லேத்தில் ஏற்றியபின் மெல்ல மெல்லக் கடையுங்கள். தேக்கிலுள்ள சிலிக்கா உளியை விரைவில் மழுக்கும். கடைசிச் சீவலுக்குமுன் மறுபடி தீட்டுங்கள். 220-இல் தொடங்கி 600 வரை உப்புத்தாள், பிறகு லேத்தை நிறுத்தி ரேகைவாக்கில் ஒரு தேய்ப்பு. முகமூடி கட்டாயம். மெருகுக்கு மெழுகு போதும். கண்ணாடிப் பூச்சு பூசினால் மரத்தின் தொடுகை போய்விடும்.

பாகங்களை நேராக அழுத்திப் பொருத்துங்கள். திருகு பொறியை மட்டும் சிறிது சிறிதாக அழுத்தி, ரீஃபிலின் நுனி சரியாக வெளிவருகிறதா என்று ஒவ்வொரு முறையும் பாருங்கள். அதிகமாக இறங்கிவிட்டால் சேதமின்றிக் கழற்றுவது கடினம்.

பேனாவைக் கைமாற்றும்போது சான்றின் நகலும் கூடவே போகட்டும். சான்றில்லாத மரத்துக்குக் கப்பலின் பெயரைச் சூட்டி விற்காதீர்கள்.