சின்னப் பிள்ளைகளோட யானை பார்க்கப் போறியா, தங்கச்சி?

ஸ்கூல் லீவு விட்டதும் "பிள்ளைகளை எங்கேக்கா கூட்டிட்டுப் போறது?" என்று கேட்கிறாய். உடவளவைக்குப் போ. கொஸ்லந்தையிலிருந்து யாலவும் போகலாம், ஹோர்ட்டன் சமவெளியும் போகலாம். அஞ்சு வயசுக்குக் கீழே பிள்ளை இருந்தால் இப்போதைக்கு ரெண்டும் வேண்டாம். சமவெளியில் 'உலக முடிவு' என்கிற செங்குத்து மலைவிளிம்பைப் பார்த்துச் சுற்றிவர சுமார் 9 கிலோமீட்டர் நடக்கணும். பாதியிலேயே "தூக்கு" என்பான். யாலவில் எல்லாருக்கும் சிறுத்தை வேணும். அது வந்தால் உண்டு, வராவிட்டால் வெயிலும் தூசும்தான். சின்னதுகளுக்கு அந்தப் பொறுமை கிடையாது. பெரிய ஆம்பிளைகளுக்கே கிடையாது!

1972இல் தேசிய பூங்காவாக்கின உடவளவையில் குளத்துத் தண்ணி இருப்பதால் வருஷம் முழுக்க யானை நிற்கும். வெட்டவெளி அதிகம், பிள்ளை கண்ணுக்கும் சுலபமாகத் தெரியும்.

விடியுமுன்னே கிளம்பு. வெல்லவாய இறங்குமட்டும் வளைவுதான், அதனால் வயிறு முட்டப் பால் கொடுத்து வேனில் ஏற்றாதே. ரெண்டு பிஸ்கட் போதும், வாந்திக்குப் பை கையிலேயே இருக்கட்டும். வெல்லவாய தாண்டி, தணமல்விலவில் திரும்பினால் பூங்கா வாசல்.

உள்ளே போனபிறகு ஜீப்பை விட்டு இறங்க விடமாட்டார்கள். ஆகவே டிக்கட் எடுக்கிற இடத்திலேயே, வரலை என்றாலும், எல்லாரையும் ஒண்ணுக்குப் போகவை. பழகிவிட்ட பிள்ளைக்கும் அன்றைக்கு ஒரு நாள் பம்பஸ் போடு, வெட்கமில்லை. மாற்று உடுப்பு ரெண்டு எடு. நம்ம குளிரை நம்பிக் கம்பளிச்சட்டை மாட்டிவிடாதே. கீழே வெயில் கொளுத்தும். மெல்லிய நீளக்கை சட்டை, தொப்பி, தூசுக்கு மூக்கை மூட ஒரு துணி.

ஜீப் வாடகைதான் பெரிய செலவு. அக்கம்பக்கத்துக் குடும்பம் ஒன்றோடு சேர்ந்து எடுத்தால் கை கடிக்காது. பேரம் பேசும்போதே எத்தனை மணித்தியாலம் என்று கேட்டுக்கொள். மூன்றுக்கு மேல் வேண்டாம், அதற்குள்ளே பிள்ளை தூங்கிவிடும். பிள்ளையை ஓரத்தில் விடாமல் ரெண்டு பெரியவர்களுக்கு நடுவே உட்காரவை. டிரைவர் வேகமாக ஓட்டினால் "ஹெமின் யமு அய்யே" (மெதுவாகப் போவோம் அண்ணா) என்று தயங்காமல் சொல்லு. யானைக்குப் பக்கத்தில் நெருக்கச் சொல்லிக் காசு நீட்டாதே. குட்டியோடு நிற்கிற தாய் யானைக்கு உன் போட்டோ முக்கியமில்லை.

சாப்பாட்டுக்கு ரொட்டியும் சீனிச்சம்பலும் சரி. வாழைப்பழத்தை மட்டும் வீட்டிலேயே வை. யானை மோப்பம் பிடிக்கும். ரோட்டோர மின்வேலிக்கு அந்தப்பக்கம் தும்பிக்கையை நீட்டிக்கொண்டு நிற்கிற யானைகளையும் காண்பாய். பழம் கொடுத்துப் பழக்கினது நம்ம சனம்தான். நீயும் சேராதே, வேனை நிறுத்தாதே.

பூங்காவை முடித்து அணைக்கட்டைத் தாண்டிப் போனால் 'அத் அதுரு செவன'. தாயை இழந்த குட்டிகளை 1995 முதல் அங்கே வளர்த்து, பெரிசானதும் காட்டிலேயே விடுகிறார்கள். அதனால் தொடவோ தூக்கிக் காட்டிப் படமெடுக்கவோ முடியாது, தள்ளி நின்றுதான் பார்க்கணும். பால் கொடுக்கிற நேரத்தில்தான் குட்டிகள் ஓடிவரும். அந்த நேரத்தை ஜீப்காரரிடம் காலையிலேயே கேட்டு வைத்துக்கொள். ஜீப்பில் தூங்கிவழிந்த பிள்ளையைக்கூட அதற்காக எழுப்பலாம்.

திரும்பும்போது தியலும நீர்வீழ்ச்சியை ரோட்டிலிருந்தே காட்டு. 220 மீட்டர் உயரம், கீழிருந்து பார்த்தாலே கழுத்து வலிக்கும். மேலே ஏறுவதெல்லாம் பிள்ளைகள் வளர்ந்தபிறகு.