மதில் ஒன்று, கணக்கு இரண்டு

சிங்கப்பூரில் ஒரே மதிலை ஒட்டி இரண்டு கொண்டோக்கள். இந்தப் பக்கம் சதுர அடி 1,500 வெள்ளி, அந்தப் பக்கம் 1,900 என்று வையுங்கள். மலிவானதை வாங்கிவிடலாமா? வாங்கலாம்தான். அதற்கு முன் இரண்டையும் ஒரே கோலால் அளந்து பாருங்கள்.

முதலில் விலை. முகவர் சொல்வது கேட்கிற விலை. உங்களுக்கு வேண்டியது கைமாறிய விலை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் இணையத்தளத்தில் கொண்டோவின் பெயரைத் தட்டினால் நடந்த விற்பனைகள் வரும். ஏறத்தாழ ஒரே அளவு, ஒரே உயர மாடி, அண்மைய ஓராண்டு. இவற்றை மட்டும் அருகருகே எழுதுங்கள்.

அடுத்து, அளவுநாடாவோடு போங்கள். முகவர் சிரிப்பார், பரவாயில்லை. 2009க்கு முந்தைய கொண்டோக்கள் பலவற்றில் சன்னல் திண்டும் பூச்செடி மாடமும் விற்ற பரப்பில் சேர்ந்திருக்கும். பின்னால் வந்தவற்றில் ஏர்கான் மேடை அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது. 2023 ஜூன் 1 முதல் விண்ணப்பித்த திட்டங்களுக்குத்தான் இந்தப் பரப்புக் கணக்கின் விதி மாறியது. நான் பார்த்த ஒரு படுக்கையறையில் சன்னல் திண்டின்மேல் மடித்த துணியும் ஒரு பூனையும் இருந்தன. கட்டில் போட்ட பிறகு அலமாரிக் கதவு பாதிதான் திறந்தது. திண்டையும் மாடத்தையும் கழித்துவிட்டு விலையை வகுத்தேன். ‘மலிவு’ வீடு பக்கத்து வீட்டு விலையை எட்டிவிட்டது.

குத்தகையையும் பாருங்கள். 99 ஆண்டு என்பது நிலக் குத்தகை தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. உங்கள் கைக்குச் சாவி வந்த நாளிலிருந்து அல்ல. வாங்குவோரில் இளையவருக்கு 95 வயதாகும்வரை குத்தகை மிஞ்சாவிட்டால் மத்திய சேம நிதியிலிருந்து (மசே நிதி) எடுக்கும் தொகை குறையும். 35 வயதுக்காரருக்கு 60 ஆண்டாவது வேண்டும்.

பராமரிப்புக் கட்டணம் பலர் கோட்டைவிடும் இடம். அது பங்கு மதிப்பை வைத்து வருவது. 51 முதல் 100 சதுர மீட்டர் வரையிலான வீடுகளுக்குப் பொதுவாக 6 பங்கு. 560 சதுர அடிக்காரரும் 1,070 சதுர அடிக்காரரும் ஒரே தொகைதான் கட்டுவார்கள்! சின்ன வீடு வாங்குகிறவர் மூன்று நீச்சல்குளத்தைப் பார்த்து மயங்க வேண்டாம். நிர்வாகக் குழுவின் கடைசி ஆண்டுக் கூட்டக் குறிப்பையும் கணக்கையும் விற்பவரிடம் கேட்டு வாங்குங்கள். பெரும்பழுதுக்கு ஒதுக்கிய நிதி வற்றியிருக்கிறதா, ‘நீர்க்கசிவு’ என்ற சொல் எத்தனை முறை வருகிறது என்று தேடுங்கள்.

தொடக்கப்பள்ளியில் சேரப்போகும் பிள்ளை இருந்தால், சேர்க்கை முன்னுரிமைக்கான 1 கிலோமீட்டர் எல்லை மதிலோடு நின்றுவிடலாம். அரசாங்க வரைபடத் தளமான ஒன்மேப்பில் இரண்டு முகவரியையும் போட்டுப் பாருங்கள்.

பிறகு நேரில் இரண்டு முறை. வேலைநாள் காலை எட்டு மணிக்கு லிப்ட் வர எவ்வளவு நேரமாகிறது? மாலை நான்கு மணிக்கு வெயில் எந்த அறையில் இறங்குகிறது? வாசல் காவலரிடமும் பேச்சுக் கொடுங்கள்.

“அண்ணே, ராத்திரி கார் நிறுத்த இடம் கிடைக்குமா?”

“பத்து மணிக்கு மேல வந்தா வெளியதான் தம்பி.”

இது எந்தக் கையேட்டிலும் அச்சாகாது.

பிடித்துவிட்டது என்று ஆப்ஷனுக்கு, அதாவது வாங்கும் உரிமைக்கு, விலையில் 1 விழுக்காடு கொடுத்தால், மறுவிற்பனை வீட்டுக்கு முடிவெடுக்க வழக்கமாக 14 நாள்தான். மனம் மாறினால் அந்தப் பணம் விற்பவருக்கு. அளவுநாடாவும் கூட்டக் குறிப்பும் அதற்கு முந்தின வாரத்து வேலை.