பூச்சியின் முகத்தைப் படம் எடுப்பது எப்படி?



இந்தத் தாளின் ஓரத்தில் முதலை மாதிரி ஒன்று வரைந்திருக்கிறேன் பாருங்கள். அது முதலை இல்லை. எங்கள் தட்டைப்பயறுக் கொல்லையில் இருந்த ஒரு புழு. நிஜத்தில் ஒரு அரிசி அளவுதான் இருக்கும். நான் எடுத்த போட்டோவைப் பார்த்துத்தான் வரைந்தேன். (போட்டோவையே ஒட்டியிருப்பேன். கலர் பிரிண்டுக்குக் கடையில் கேட்ட காசு என்னிடம் இல்லை.)

போன தை மாதம் பயறுக் கொடியில் அசுவினி அப்பிக்கொண்டது. எள்ளைக் கொட்டின மாதிரி கருப்பு கருப்பாக இருந்தது. கூடவே இந்த முள்ளு முள்ளான புழுவும் ஏகத்துக்கு. அப்பா, "இதுதான் கொடியைத் தின்னுது, நாளைக்கு மருந்து அடிச்சிட வேண்டியதுதான்" என்று ஸ்பிரேயரை இரவல் வாங்கி வந்து திண்ணையில் வைத்துவிட்டார். முந்தின வருடமும் அப்படித்தான் அடித்தார். ஆனால் இலையில் எங்கேயும் கடித்த ஓட்டையே இல்லை. அப்படியென்றால் இது என்னத்தைத் தின்கிறது? வெறுங்கண்ணுக்கு ஒன்றும் புரியவில்லை.

அக்காவிடம் கண்ணாடி கீறல் விட்ட பழைய போன் ஒன்று இருக்கிறது. அதை வாங்கிக் கிட்டே கொண்டுபோனால் எல்லாம் ஒரே மங்கல். நம் கண்ணுக்கே 25 செ.மீ.க்குக் கிட்டே வந்தால் தெளிவு குறையும். சாதாரண போன் கேமரா ஏழெட்டு செ.மீ. வரை தாங்கும், அதற்கும் கிட்டே போனால் அதனால் முடியாது. இங்கேதான் குவிலென்ஸ் உதவுகிறது. லென்ஸின் குவியத் தொலைவில் ஒரு பொருளை வைத்தால், அதிலிருந்து வரும் ஒளிக்கதிர்கள் லென்ஸைத் தாண்டியதும் இணையாகப் போகும். தூரத்துப் பொருளிலிருந்து வரும் கதிரும் அப்படித்தான் வரும். அதனால் கேமரா, பூச்சி எங்கேயோ தூரத்து மலையில் இருப்பதாக நினைத்து ஏமாந்துபோய்த் தெளிவாகப் படம் பிடித்துவிடும்!

முதலில் கேமராவின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன். சொட்டும் ஒரு குவிலென்ஸ்தானே. படம் பெரிதாகத்தான் தெரிந்தது. ஆனால் கை கொஞ்சம் ஆடியதும் தண்ணீர் வழிந்து போனுக்குள் போகப் பார்த்தது. அக்கா என்னை வைத வசவை இங்கே எழுத முடியாது. யாரும் அதைச் செய்யாதீர்கள்.

பிறகு, திருவிழாவில் வாங்கி ரிப்பேரான சிவப்பு லேசர் லைட்டைப் பிரித்தேன். பேட்டரியை முதலிலேயே எடுத்துவிட வேண்டும், அந்த வெளிச்சம் கண்ணில் படவே கூடாது. அதன் முனையில் பருப்பு மாதிரி ஒரு குட்டி லென்ஸ் இருக்கும். அதை ஹேர்பின்னுக்கு நடுவில் செருகி, போன் கேமராவுக்கு நேராக செல்லோடேப் ஒட்டினேன். லென்ஸைத் திருப்பித் திருப்பிப் போட்டுப் பார்த்து, எந்தப் பக்கம் வைத்தால் படத்தின் ஓரம் வரைக்கும் தெளிவாக வருகிறதோ அப்படி வைக்க வேண்டும். செலவு ஒன்றுமில்லை.

மறுநாள் விடியும் முன்பே கொல்லைக்குப் போய்விட்டேன். பூச்சிகள் குளிர் இரத்தப் பிராணிகள். வெயில் ஏறாதவரை உடம்பு சூடாகாது, அதனால் சோம்பலாக இருக்கும். எட்டு மணிக்கு மேல் போனால் ஒன்றும் பிடி கொடுக்காது. லென்ஸைப் பூச்சிக்கு ஒரு விரல் அகலத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அவ்வளவு கிட்டே போனால் வேறு இரண்டு கஷ்டம் வருகிறது. ஒன்று, மூச்சுவிட்டாலே படம் ஆடும். கொடியைத் துணி கிளிப்பால் ஒரு குச்சியோடு பிடித்து வைத்தேன். இன்னொன்று, கண் தெளிவாக இருந்தால் கால் மங்கும், கால் தெளிந்தால் கண் மங்கும். நூல் அளவு ஆழம்தான் தெளிவாக விழும். அதனால் போனை மயிரிழை மயிரிழையாக முன்னும் பின்னும் நகர்த்திக்கொண்டே எடுத்துத் தள்ளினேன். பக்கவாட்டில் எடுத்தால் உடம்பு முழுக்க ஒரே தூரத்தில் இருக்கும், கொஞ்சம் தப்பிக்கலாம். நிழல் விழுந்த பக்கம் ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்தால் வெளிச்சம் திரும்பி விழும். பிளாஷ் வேண்டாம், லென்ஸின் நிழல்தான் விழுகிறது.

அறுபத்துமூன்று படம் எடுத்தேன். அறுபது வீண். ஒரு படத்தில் அந்தப் புழு, ஒரு அசுவினியைத் தாடையில் கவ்விக்கொண்டிருந்தது. அசுவினியின் கால்கள் வெளியே நீட்டிக்கொண்டிருந்தன.

அப்பாவிடம் காட்டினேன். போனை வாங்கி ரொம்ப நேரம் பார்த்தார். "அடப்பாவமே, போன வருசம் இதையுமில்ல கொன்னேன்" என்றார். ஸ்பிரேயர் சும்மாவே திரும்பிப் போனது. அறிவியல் டீச்சர் அது பொறிவண்டின் புழு என்று சொன்னார்கள். நானும் ஒரு புழுவை பாட்டிலில் போட்டு, தினமும் அசுவினிக் கொழுந்து வைத்து வளர்த்தேன். இலையில் ஒட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகி, கடைசியில் பளபளவென்று பொறிவண்டு வந்தது. திரும்பக் கொல்லையிலேயே விட்டுவிட்டேன். அசுவினி எல்லாம் ஒழிந்தது என்று பொய் சொல்ல மாட்டேன். ஓரத்து இரண்டு வரிசை சுருண்டுதான் போச்சு. மீதி காய்த்தது.

ஒரு எச்சரிக்கை. புள்ளி வைத்த வண்டெல்லாம் நண்பன் இல்லை. அம்மாவின் கத்தரிச் செடியில் இருந்ததையும் எடுத்துப் பார்த்தேன். அதன் முதுகில் பளபளப்பே இல்லை, பொடி ரோமம் இருக்கிறது. 28 புள்ளிகள் எண்ணினேன். அதன் புழு மஞ்சளாக, கிளை விட்ட முள்ளோடு இருக்கும். அதுதான் இலையைச் சுரண்டிச் சல்லடையாக்குவது. அதைக் கையாலேயே பொறுக்கிப் போட்டோம்.

பூச்சியைப் பசை போட்டு ஒட்டியோ, காலைப் பிய்த்தோ எடுக்கக் கூடாது. 1665-ல் மைக்ரோகிராபியா என்ற புத்தகத்தை வெளியிட்ட இராபர்ட் ஹூக், எறும்பு ஓடிக்கொண்டே இருக்கிறதே என்று அதற்கு பிராந்தி கொடுத்துப் படுக்கவைத்து வரைந்தாராம். ஒரு மணி நேரத்துக்கு மேல் கிடந்துவிட்டு எழுந்து ஓடிவிட்டதாம்! நமக்கு விடியற்காலைக் குளிரே போதும்.

அடுத்து குழியானையை எடுக்கப் பார்க்கிறேன். வெளியே எடுத்து வைத்தால் பின்பக்கமாகவே நகர்ந்து மண்ணுக்குள் போய்விடுகிறது, இன்னும் ஒரு படமும் சரியாக வரவில்லை. லென்ஸ் வேண்டுமென்றால் இடைவேளையில் என்னிடம் கேளுங்கள், தருகிறேன். ஹேர்பின்னோடு திருப்பித் தர வேண்டும்.

- ஒன்பதாம் வகுப்பு மாணவி