இந்த வாளுக்கு வயசு என்ன?

ஜவ்வாது மலைக்கு ட்ரெக்கிங் போறவங்க பீமன் அருவியையும் காவலூர் வானாய்வகத்தையும் பார்த்துட்டு வந்துடுவோம். அடுத்த தடவை அடிவாரத்துல செங்கம் பக்கமும் ஒரு நாள் ஒதுக்குங்க. அங்கே பல்லவர் கால நடுகற்கள் நிறைய உண்டு. தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-ல் 'செங்கம் நடுகற்கள்' என்று தனி நூலே வெளியிட்டது. எடுத்தனூர் கல்லில் மகேந்திரவர்மன் கால வீரனோடு அவன் நாய் கோவிவனும் இருக்கு!

பல கற்களில் வீரன் கையில் வில்லும் வாளும் இருக்கும். மன்னன் பெயர், ஆட்சியாண்டு எல்லாம் வட்டெழுத்தில் வெட்டியிருக்கும். அதனால் வாளின் வடிவத்துக்கு ஒரு காலக்கணக்கு கிடைக்குது. ஆனா தாத்தா வீட்டுப் பரணில் கிடக்கிற வாளில் தேதி இருக்காது. அதை எப்படிப் படிப்பது?

1. அலகையும் கைப்பிடியையும் தனித்தனியாகப் பாருங்க. இரண்டும் ஒரே வயசா இருக்கணும்னு இல்லை. தஞ்சாவூர் கட்டாரிகள் பலவற்றில் ஐரோப்பிய வாளின் அலகைத்தான் பொருத்தியிருக்காங்க. லத்தீன் எழுத்தைப் பார்த்ததும் 'வெள்ளைக்காரன் கத்தி'ன்னு முடிவு கட்டிடாதீங்க.

2. இணைப்பைப் பாருங்க. பிலிப்பைன்ஸின் மோரோ மக்களுடைய பழைய கிரிஸ் வாளில், அலகின் அடிப்பகுதி தனித் துண்டாகச் செய்து பொருத்தியிருக்கும். பிற்காலத்தில் செய்த பலவற்றில் ஒரே துண்டுதான், இணைப்பு மாதிரி ஒரு கோடு மட்டும் கீறியிருப்பாங்க. வாள் சேகரிப்பவர்கள் முதலில் தேடுவது இதைத்தான்.

3. இரும்பைப் பாருங்க. நம்ம ஊர் உருக்கு (வூட்ஸ்) சுமார் 1.5% கார்பன் கொண்டது. அலகில் தெரியும் நீரலை போன்ற கோடுகள் சிமென்டைட் துகள்கள் வரிசையாக அமைவதால் வருபவை, அதாவது உலோகத்துக்கு உள்ளேயே இருப்பவை. போலியில் அமிலத்தால் மேற்பரப்பில் மட்டும் வரைஞ்சிருப்பாங்க. தேய்த்தால் போயிடும்.

4. தேய்மானத்தைப் பாருங்க. நிஜமாப் புழங்கிய வாள் கைபடும் இடத்தில் தேய்ந்திருக்கும், தீட்டித் தீட்டி அலகு ஒல்லியாகியிருக்கும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி துரு இருந்தா சந்தேகப்படுங்க.

இந்த நாலில் ஒன்று பொருந்தினா போதாது. நாலும் ஒரே கதையைச் சொல்லணும்.

கடைசியா ஒரு வேண்டுகோள். மூன்றாவது சோதனையை நீங்களே செய்து பார்க்காதீங்க. ஆர்வத்துல உப்புத்தாளும் அமிலமும் எடுத்தீங்கன்னா, மேலே சொன்ன சாட்சி எல்லாம் ஒரு மணி நேரத்தில் போயிடும். போட்டோ எடுங்க, நீளமும் எடையும் குறிச்சு வைங்க, அருங்காட்சியகத்திலோ தொல்லியல் துறையிலோ காட்டுங்க. 100 ஆண்டு தாண்டிய வாள் 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதைத் தனியார் யாரும் வெளிநாட்டுக்கு அனுப்ப முடியாது.

செங்கத்து வீரனுக்குக் கல் பேசுது. பரண் மேல கிடக்கிற வாளுக்குப் பேச இருப்பது அதன் துருவும் தேய்மானமும்தான். பளபளப்புக்கு ஆசைப்பட்டு அதன் வாயை அடைச்சிடாதீங்க.